பால் பதம் என்னும் பொய்

ஸ்கேல் மாடல் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் வரும். "கார் பெயிண்டை ஏர்பிரஷ்ல அடிக்கணும்னா தின்னர் எவ்ளோ ஊத்தணும்?" கேட்கிறவர் புதியவர். முதல் கிட்டை ஒட்டி முடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரலில் பசை காய்ந்த தடத்தோடு வந்து நிற்கிறார். பதில் சொல்கிறவர் பத்து வருஷம் இதில் ஊறியவர். ஒரு விநாடி கூட யோசிக்காமல், ஞானம் கனிந்த முகத்தோடு சொல்வார்: "பால் மாதிரி இருக்கணும்."

எந்தப் பால்? பலமுறை கேட்டுவிட்டேன். ஆவின் நீலமா, பச்சையா, ஆரஞ்சா? நீலத்தில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. காய்ச்சியதா, காய்ச்சாததா? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததா, அடுப்பிலிருந்து இறக்கியதா? பால்காரர் தண்ணீர் கலந்ததா, இனிமேல்தான் கலக்கப்போகிறாரா? கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, "அதெல்லாம் கைப்பழக்கம்தான், போகப்போக வரும்" என்பார்கள். வராது. எனக்கு இரண்டு வருஷம் வரவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் நான் பாழாக்கிய கிட்களின் விலையைக் கூட்டினால் ஒரு நல்ல கம்ப்ரசர் வாங்கியிருக்கலாம்.

இலக்கியப் பத்திரிகையில் பெயிண்ட் பற்றி எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுகதையில் தச்சர் வந்தால் அவர் உளியைத் தடவிக்கொண்டே இருப்பார், குயவர் வந்தால் மண்ணோடு பேசுவார். கைத்தொழில் என்றாலே நமக்கு ஒரு மயக்கம். அந்த மயக்கம்தான் 'பால் மாதிரி' என்ற பதிலையும் ஞானமாகக் காட்டுகிறது. அது ஒருவரின் மூச்சைக் கெடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், மாடல்காரனுக்கு கார் பெயிண்ட் எதற்கு? அவனுக்கென்றே தமியாவும் ஜிஎஸ்ஐ கிரியோஸும் லாக்கர் பெயிண்ட் செய்கின்றன. 10 மில்லி குப்பி, அழகான மூடி. ஆனால் பெயிண்டும் தின்னரும் சரக்குப் போக்குவரத்தில் ஆபத்தான பொருள், யுஎன் 1263 என்ற எண்ணின் கீழ் வரும் தீப்பற்றும் திரவம். விமானத்தில் சாதாரணப் பார்சலாக ஏற்ற முடியாது. அதனால் இந்தியாவுக்கு வருவது கொஞ்சம், வந்தது உடனே தீர்ந்துபோகும், தீராதது விலையில் எட்டாது. இந்தப் பக்கம் பார்த்தால், எந்த ஊரிலும் ஒரு கார் பெயிண்ட் கடை இருக்கிறது. காரின் கலர் கோடைச் சொன்னால் அதே நிறத்தைக் கலந்து தருவார்கள். 100 மில்லி வாங்கினால் பத்துக் குப்பிக்குச் சமம். 1/24 அளவில் ஒரு கார் செய்கிறவனுக்கு அசல் காரின் அசல் பெயிண்டே கிடைக்கிறது. யாருக்குத்தான் ஆசை வராது?

அப்படித்தான் நான் புதுப்பேட்டைப் பக்கம் போனேன். டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் ஒரு சின்ன ஷெட். பெயர் வேண்டாம். அங்கே கன் பிடிப்பவரை அண்ணா என்றே கூப்பிட்டேன், இன்றும் அப்படித்தான். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் காரை நீட்டியதும் அவர் பட்டறைப் பையன்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். "தம்பி, இதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?" பிறகு, பெயிண்டில் குச்சியை விட்டுத் தூக்கி, சொட்டுகிற வேகத்தைப் பார்த்து, "இது என் கன்னுக்கு. உன்னுதுக்கு இன்னும் தண்ணியா வேணும், உன் ஓட்டை சின்னது" என்றார்.

நான் கேட்ட முதல் உருப்படியான பதில் அது. ஓட்டை சின்னது. அவர் கன்னின் முனை 1.3 மில்லிமீட்டர். என் ஏர்பிரஷ்ஷின் முனை 0.3. குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 19 மடங்கு வித்தியாசம். அவர் ஒன்றுக்கு ஒன்று தின்னர் ஊற்றி அடிப்பதை நான் அப்படியே ஊற்றி அடித்தால் முனையில் அடைத்துக்கொள்ளும், அல்லது சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக வந்து விழும். ஒன்றுக்கு இரண்டு, சில நிறங்களுக்கு அதற்கும் மேல் தேவைப்படும். அழுத்தத்தையும் 15-லிருந்து 20 பி.எஸ்.ஐ. வரை வைத்துப் பார்க்கவேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டேன் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். இந்த எண்ணும் பொய்யாகும் இடங்களைச் சொல்லத்தான் வருகிறேன்.

நம் வீட்டுச் சமையலில் பதம் என்ற சொல் சும்மா வருவதில்லை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது என் அத்தை, 'தேன் மாதிரி' என்று சொல்லி நிறுத்தமாட்டார். தண்ணீரில் ஒரு சொட்டு விடு, கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, விரலில் உருட்ட வந்தால் இறக்கு என்பார். அது ஒரு பரிசோதனை. யார் செய்தாலும் ஒரே விடை வரும். கைப்பழக்கம் இல்லாத பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் வரும். பெயிண்ட் தொழிற்சாலையிலும் இதையேதான் செய்கிறார்கள். அடியில் அளவான துளையுள்ள ஒரு கிண்ணம், ஃபோர்டு கப் என்று பெயர். நம்மூர் பெயிண்ட் டேட்டா ஷீட்களில் 'பி4 கப், 30 டிகிரி, இத்தனை விநாடி' என்று போட்டிருக்கும். கிண்ணத்தை நிரப்பி, துளையைத் திறந்து, ஒழுகி முடிய எத்தனை விநாடி என்று எண்ணுவது. வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்கிறார்கள் பாருங்கள். அத்தைக்கும் ஃபோர்டு கப்புக்கும் உள்ள ஒற்றுமை, பத்து வருஷ அனுபவசாலிக்கும் அத்தைக்கும் இல்லை.

ஆக, கைப்பழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சொல்லத் தெரியாததை, அல்லது சொல்ல மனமில்லாததை, கைப்பழக்கம் என்ற போர்வைக்குள் ஒளிப்பதுதான் பிரச்சினை. எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. விகிதத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடும். என்ன பெயிண்ட், என்ன தின்னர், என்ன வெயில் என்று எதுவும் வேண்டாம், 'ஒன்றுக்கு இரண்டு' போதும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று வளர்க்கிறது.

ஸ்ப்ரே கேனை எடுத்துக்கொள்வோம். கார் டச்-அப்புக்கு விற்கும் கேன் இருக்கிறதே, அதிலுள்ள பெயிண்டை வெளியே எடுத்து ஏர்பிரஷ்ஷில் போடலாம். நல்ல வழிதான். நான் முதல்முறை செய்தபோது ஸ்ட்ராவைப் பொருத்திக் கண்ணாடிக் குப்பிக்குள் அடித்து, மூடியை இறுக்கி, அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். ஏப்ரல் மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு மூடி தெறித்து, அறைச் சுவர் முழுக்க மெட்டாலிக் நீலம். கேனில் பெயிண்டைத் தள்ளுவது டைமெத்தில் ஈத்தர், புரொபேன், பியூட்டேன் மாதிரியான வாயுக்கள். அவை பெயிண்டிலேயே கரைந்து கிடக்கும். வெளியே எடுத்த பிறகும் மணிக்கணக்கில் குமிழிட்டு வெளியேறும். அவசரப்பட்டுக் குச்சி விட்டுக் கலக்கினால் கோலி சோடா மாதிரி பொங்கும். கேனை முதலில் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட வேண்டும், பெயிண்டை எடுத்தபின் மூடாமல் காற்றோட்டத்தில் சில மணி நேரம் விட வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம்.

அந்த மற்றது என்ன? கேன் பெயிண்ட் ஏற்கெனவே அதன் முனைக்கு ஏற்றபடி நீர்க்கக் கலந்தது. வாயு போனதும் கொஞ்சம் கெட்டிப்படும், அவ்வளவுதான். அதற்குக் கொஞ்சமே கொஞ்சம் தின்னர் போதும், சிலதுக்கு வேண்டவே வேண்டாம். நான் 'ஒன்றுக்கு இரண்டு' என்ற மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு ஊற்றினேன். கதவு இடுக்கெல்லாம் நீலக் குளம். விகிதம் தப்பில்லை, அது வேறு பெயிண்டின் விகிதம்.

இனி தின்னருக்கு வருவோம். தமிழில் எழுதிப் பார்த்தால் தின்கிறவர் என்று படிக்கலாம் போலிருக்கிறது. பொருத்தமான பெயர். பிளாஸ்டிக்கைத் தின்னும், ஏர்பிரஷ்ஷின் ரப்பர் வாஷரைத் தின்னும், மீதியைப் பிறகு சொல்கிறேன். கடையில் போய் "தின்னர் கொடுங்க" என்றால் கொடுப்பார்கள். எந்தத் தின்னர் என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்." ஒன்றே இல்லை.

நம்மூரில் என்.சி. தின்னர் என்று விற்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்காக வந்தது. 1920களில் டூபான்ட் நிறுவனம் டூக்கோ என்ற பெயரில் கார்களுக்குக் கொண்டுவந்த லாக்கர் அந்த வகைதான். அதுவரை ஒரு காருக்கு வர்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கு ஆகும், டூக்கோ அதை மணிக்கணக்காக்கியது. நம் தச்சர்கள் இன்றும் அலமாரிக்கு 'டூக்கோ ஃபினிஷ்' என்கிறார்கள், அந்தப் பெயரின் மிச்சம். இந்த லாக்கருக்கான தின்னரில் மூன்று வகைச் சரக்கு இருக்கும். பிசினை உண்மையாகவே கரைக்கிறவை, எஸ்டர், கீட்டோன் வகையறா. தனியாகக் கரைக்காமல் மற்றதோடு சேர்ந்து உதவுகிறவை, ஆல்கஹால்கள். கரைக்கவே செய்யாமல் வெறும் அளவைக் கூட்டுகிறவை, டொலுவீன் போன்றவை. விலையைக் குறைப்பது இந்த மூன்றாவது ஆள். அவர் அளவோடு இருந்தால் வேலை நடக்கும். மலிவுச் சரக்கில் அவர் கூடிப்போய், கரைக்கிறவர் முதலில் ஆவியாகிக் கிளம்பிவிட்டால், பிசின் அப்படியே திரிந்துபோகும். பாலோடு ஒப்பிட்டே தீருவேன் என்றால் இந்த இடத்தில் ஒப்பிடுங்கள். எலுமிச்சை பிழிந்த பால்.

இரண்டாவது வகை, பி.யூ. தின்னர். கிளியர் கோட்டில் ஹார்டனர் சேர்த்து அடிக்கிறார்களே, டூ-கே என்பார்கள், அதற்கானது. அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது பிசினிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியோடு பிணைந்து இறுகுவதால்தான் கார் மேல் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஆல்கஹாலிலும் அதே ஹைட்ராக்சில் இருக்கிறது. அதனால் டூ-கேயில் என்.சி. தின்னரை ஊற்றினால் ஹார்டனர் தன் வேலையை விட்டுவிட்டு ஆல்கஹாலோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். நான் அப்படிச் செய்த ஒரு கார் மூன்று வாரம் கழித்தும் பலாச்சுளை மாதிரி ஒட்டியது. இன்றும் அதன் கூரையில் என் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்ற வாக்கியத்துக்கு நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, சென்னையின் காற்று. இதைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் புத்தகங்கள் இதைச் சொல்லாது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் பனிப்புள்ளிக்குக் கீழே அது போய்விட்டால் ஈரம் பெயிண்டின் மேல் படிந்து வெள்ளை பூத்துவிடும். 'காலையில் குளுமையா இருக்கும்போது அடிங்க' என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 27 டிகிரி, ஈரப்பதம் 88 சதவீதம் என்றால் பனிப்புள்ளி சுமார் 25. பரப்பு இரண்டு டிகிரி குளிர்ந்தாலே போதும், வெள்ளை பூக்கும். அதே நாள் பதினோரு மணிக்கு 34 டிகிரி, 55 சதவீதம் என்றால் பனிப்புள்ளி சுமார் 24. பத்து டிகிரி இடைவெளி இருக்கிறது. கடல் காற்று ஏறுவதற்கு முன்னால் அடித்து முடிக்கலாம். ஆனால் அந்த வெயிலில் துளி வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும், அதற்கு மெதுவாக ஆவியாகும் தின்னரோ, பியூட்டைல் செலோசால்வ் மாதிரி ஒரு ரிடார்டரோ கொஞ்சம் வேண்டும். சுத்தவாதிகள் கொண்டாடும் அந்த ஜப்பானிய லெவலிங் தின்னரின் ரகசியமும் ரிடார்டர்தான்.

சுத்தவாதிகள் என்றேன். அவர்கள் கட்சி இது: கம்பெனி பெயிண்டுக்குக் கம்பெனி தின்னர், மற்றதெல்லாம் அபசாரம். நான் அவர்களை முழுக்க மறுக்கமாட்டேன். இன்று வாங்கிய குப்பியும் அடுத்த வருஷம் வாங்கும் குப்பியும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கைக்குத்தான் அங்கே காசு கொடுக்கிறோம். அது நியாயமான காசு. கார் பெயிண்டிலும் ஒரு நிஜமான குறை உண்டு. மெட்டாலிக் நிறத்திலுள்ள அலுமினியச் சில்லு 30 மைக்ரான் என்று வையுங்கள். 1/24 மாடலின் மேல் அது அசல் காரில் 0.72 மில்லிமீட்டர் சில்லுக்குச் சமம். காருக்கு ரவை தூவின மாதிரி இருக்கும். நிஜக் காரில் பிரைமரிலிருந்து கிளியர் வரை எல்லாம் சேர்ந்தே 100 மைக்ரான் சொச்சம் கனம். அதே கனத்தை மாடலில் ஏற்றினால் அசலில் 2.4 மில்லிமீட்டர் பெயிண்ட் பூசியதற்குச் சமம். 'அசல் காரின் அசல் பெயிண்ட்' என்று நான் பெருமையடித்துக்கொண்டதெல்லாம் இந்தக் கணக்கில் கரைந்துபோனது. சாலிட் நிறங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் சுத்தவாதிகளின் சுத்தம் குப்பியோடு நின்றுவிடுகிறது. அவர்களும் படுக்கையறையில்தான் அடிக்கிறார்கள். ஏசி போட்டு, ஜன்னலைச் சாத்தி, துணி மாஸ்க்கோடு. கேட்டால் இரண்டு கூட்டமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும். "ஒண்ணும் ஆகாது பாஸ். புதுப்பேட்டைல அண்ணனுங்க மூஞ்சில கர்ச்சீஃப் கட்டிக்கிட்டு முப்பது வருஷமா அடிக்கறாங்க. அவங்களுக்கு என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று சொல்கிறேன்.

அண்ணா இப்போது ஷெட்டுக்குள் வருவதில்லை. மூன்று வருஷம் முன்னால் ராத்திரிகளில் இருமல் ஆரம்பித்தது. பகலில் வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் நெஞ்சு இறுகும். ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும், திங்கள் இரவு திரும்ப வரும். புகை என்றார்கள், அவர் பீடியை விட்டார். தூசி என்றார்கள், பட்டி தேய்ப்பதை விட்டார். கடைசியில் யாரோ கிளியர் கோட் கலக்கிக்கொண்டிருந்த ஷெட்டின் வாசலில் நின்றதற்கே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. வேலையில் என்ன அடிக்கிறீர்கள் என்று அங்கிருந்த ஒரு இளம் டாக்டர்தான் முதன்முதலில் கேட்டார். அதுவரை பார்த்த யாரும் கேட்கவில்லை.

ஐசோசயனேட் என்ற சொல் நமக்கு 1984 டிசம்பர் 2, 3 இரவில் போபாலில் அறிமுகமானது. அங்கே கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். கார் ஹார்டனரில் இருப்பது பெரும்பாலும் ஹெக்ஸாமெத்திலீன் டைஐசோசயனேட்டிலிருந்து செய்தது. வேறு பொருள், ஆனால் அதே குடும்பம். இது ஒரே இரவில் கொல்வதில்லை. உடம்பைப் பழக்குகிறது, கெட்ட பழக்கம். வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாமலிருக்கும். 'ஒண்ணும் ஆகல' என்று அவர் சொன்னது உண்மைதான். ஒருநாள் உடம்பு அதை எதிரியாக முடிவு செய்துவிடும். அதற்குப் பிறகு துளியூண்டு போதும், ஆஸ்துமா. அந்தப் பொருள் இருக்கும் இடத்துக்கே போகாமலிருப்பதுதான் வழி. தொழில்வழி ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக உலகம் முழுக்க இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னொன்று கேளுங்கள். டொலுவீனுக்கு வாசனை உண்டு. கரி ஃபில்டர் போட்ட மாஸ்க் தீர்ந்துபோனால் மூக்குக்குத் தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம். ஐசோசயனேட் கெடுதல் செய்யும் அளவில் மூக்குக்குத் தெரியாது. அதனால்தான் டூ-கே அடிக்கிறவர்களுக்கு வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். என்95 துகளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கர்ச்சீஃப் மீசையில் பெயிண்ட் படாமல் காப்பாற்றும்.

ஸ்ப்ரே கன்னின் பூர்வீகம் தெரியுமா? 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ஆலன் டிவில்பிஸ் என்ற டாக்டர், நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் தூவ ஒரு கருவி செய்தார். அவர் மகன் அதே கொள்கையில் பெயிண்ட் கன் செய்தார். தொண்டைக்கு மருந்து அடிக்க வந்த சாமான்.

"நீங்க மிகைப்படுத்தறீங்க, மாசம் பத்து மில்லி அடிக்கறவனும் தினம் ரெண்டு லிட்டர் அடிக்கறவரும் ஒண்ணா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒன்றில்லைதான். அளவு முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். நம் பத்து மில்லியால் அண்ணாவுக்கு வந்தது நமக்கு வரும் என்று சொல்லவில்லை. ஆனால் நண்பரே, உங்கள் வாதத்தை நீங்களே திருப்பிப் பாருங்கள். ஒரு நிமிஷம் முன்னால் உங்கள் பாதுகாப்புக்கு அவரைத்தானே சாட்சி சொன்னீர்கள்? 'அவருக்கே ஒண்ணும் ஆகல' என்று? அவருக்கு ஆனது தெரிந்ததும் 'அவர் வேற, நான் வேற' என்கிறீர்கள். சாட்சிக்கூண்டில் ஏற்றும்போது அவர் நம்ம அண்ணன், ஆஸ்பத்திரியில் படுத்தால் வேற கேஸ்.

எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. அவர் கலக்குவதை நான் எத்தனை நாள் பக்கத்தில் நின்று ரசித்திருக்கிறேன். வெறுங்கையால் ஹார்டனர் டப்பாவைத் திறப்பதை, மாஸ்க் இல்லாமல் முகத்தைக் காரின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பதை. அந்தக் கண், அந்தக் கை என்று குறிப்பேட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், எச்சரிக்கை இருந்தது. நான் அதைப் படித்தேன். எனக்கு விகிதம் வேண்டியிருந்தது, அதனால் படித்தேன். அவருக்குப் படித்துக் காட்டவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அவ்வளவு தெரிந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? கைத்தொழில்காரரை மேலே தூக்கி வைத்துவிட்டால் இப்படி ஒரு வசதி, அவருக்கு எதையும் சொல்லவேண்டியதில்லை.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களின் அட்டவணை இருந்தது. ஐசோசயனேட் நஞ்சும் அதில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டப்படி மின்சாரம் உள்ள இடம் தொழிற்சாலையாக வேண்டுமென்றால் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்யவேண்டியிருந்தது. அண்ணாவின் ஷெட்டில் நாலு பேர். முதலாளியையும் சேர்த்து.

ஈயமும் ஒன்று. வீட்டு, அலங்காரப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016இல் இந்தியாவில் விதி வந்தது. அது வீட்டுப் பெயிண்டுக்குத்தான். தொழில்துறைப் பெயிண்ட் அந்த விதிக்குள் வராது, அங்கே பளீர் மஞ்சளுக்கு லெட் குரோமேட் பழைய நண்பன். டாக்ஸி மஞ்சளில் ஒரு அம்பாசடர் மாடல் அடித்து, சாப்பாட்டு மேசையில் வைத்து உப்புத்தாள் போடுகிறவர்கள் அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிட்டு உட்காரலாம்.

நான் கார் பெயிண்டை விடவில்லை. ஒரு தாளில் எழுதி வைத்திருப்பதை இங்கேயும் வைக்கிறேன், ஞானம் எதுவும் இதில் இல்லை. டூ-கே கிளியரை முழுக்க நிறுத்திவிட்டேன். ஹார்டனர் இல்லாத அக்ரிலிக் லாக்கர் கிளியர், அதைக் காயவிட்டு, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், அப்புறம் பாலிஷ். இரண்டு நாள் கூடுதல் வேலை. பளபளப்பு கொஞ்சம் குறைவு, 1/24 அளவுக்கு அதுவே பொருத்தம். மொட்டை மாடியில் அடிக்கிறேன், கரி ஃபில்டர் மாஸ்க்கோடு. தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். உள்ளே அடித்த காலத்தில் பூஜையறை விளக்கு எத்தனை அடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பதத்துக்கு என் பரிசோதனை இது. சின்னக் கிண்ணத்தில் கலந்து, சுவரில் ஒருமுறை ஏற்றிச் சாய்க்கிறேன். இறங்கி வரும்போது பின்னால் மெல்லிய, கிட்டத்தட்ட ஊடுருவித் தெரிகிற படலம் தங்கினால் அடிக்கலாம். திட்டாக ஒட்டி நின்றால் கெட்டி. எதுவுமே தங்காமல் கண்ணாடி மாதிரி இறங்கிவிட்டால் தண்ணீர். பிறகு ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்து, அன்றைய வெயிலையும் ஈரத்தையும் தின்னரின் பெயரையும் ஸ்பூனின் காம்பில் எழுதுகிறேன். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். தின்னர் நனைய நனைய அடித்தால் வெடிப்பு விழும். அதனால் முதல் இரண்டு கோட்டும் தூசு மாதிரி, நடுவில் பத்து நிமிஷம். இப்போது டப்பா நிறைய ஸ்பூன். கேட்கிறவர்களுக்கு விகிதம் சொல்வதில்லை, ஸ்பூனைக் கொடுக்கிறேன். 'ரொம்பப் படுத்தறான்' என்று பெயர் வந்திருக்கிறது.

போன மாதம் அண்ணாவைப் பார்க்கப் போனேன். ஷெட்டுக்கு எதிர்ப்பக்கம், நாலு கடை தள்ளி, டீக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்தே பையன்களுக்கு நிறம் சொல்கிறார். கலந்த டப்பாவை யாரும் பக்கத்தில் கொண்டுவரக்கூடாது, குச்சியைத் தூரத்தில் நின்று தூக்கிக் காட்டவேண்டும். பையன்கள் கர்ச்சீஃப்தான் கட்டியிருக்கிறார்கள். முதலாளியிடம் நல்ல மாஸ்க் கேட்டாராம். "அது விலைக்கு ஒரு டோரே அடிச்சிடலாம்னான் தம்பி" என்றார்.

மூன்று வாரம் நன்றாகக் காய்ந்த ஒரு சிவப்பு ஸ்பூனைக் கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து எடுக்குமுன், "வாசனை எதுவும் வராது அண்ணா" என்றேன். வாங்கி, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"எந்தத் தின்னர்?"

சொன்னேன்.

"எத்தினி மணிக்கு அடிச்ச?"

"பதினொண்ணு."

இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தார். "மூணாவது கோட்ல அவசரப்பட்டுட்ட. பாரு, இங்க லேசா தோல் சுருங்கியிருக்கு." எனக்குத் தெரியவில்லை. அவர் காட்டிய கோணத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தபோது தெரிந்தது.